சுவிட்சில் இருந்தது யார் கை

ஒரு போர்டு எரிந்துபோனால், அதற்கான படிவத்தின் மூன்றாவது கட்டத்தில் யார் பெயரை எழுத வேண்டும்? கம்பியைத் தவறாகச் சொருகியவர் பெயரையா, சுவிட்சைப் போட்டவர் பெயரையா? ஆறு வருடம் அந்த வேலையைப் பார்த்தேன். விட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வு பெற்றவள். என் மாமியார் அப்படித்தான் சொல்கிறார். திருப்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க மருமக வேலையில இருந்து ரிட்டையர் ஆயிட்டா" என்று அறிமுகம் செய்வார். வந்தவர்கள் என் தலைமுடியைப் பார்ப்பார்கள். மகள் யாழினிக்கு மூன்று வயது. அவளுக்கு மூக்கு ஒழுகினால் சளியா, ஒவ்வாமையா, நேற்று நான் கொடுத்த தயிரா என்று மூன்று மணி நேரம் யோசிப்பேன். அதற்குள் அவள் மூக்கைத் தானே துடைத்துக்கொண்டு விளையாடப் போயிருப்பாள். ஓய்வுக்காலம் இப்படித்தான் போகிறது.

பயிற்றுநர்களுக்கான நம் இதழில் பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று போன மாதம் கேட்டிருந்தார்கள். நான் மழுப்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கோமதி போன் செய்தாள். பள்ளியில் என்னிடம் படித்த பெண். பத்தாவதுக்குப் பிறகு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, இப்போது நான் விட்டுப்போன அதே வேலையில் சேர்ந்திருக்கிறாள். அப்போது என்னை 'மிஸ்' என்பாள். இப்போது 'அக்கா'.

"அக்கா, நீங்க எழுதியே ஆவணும். நான் ஒரு போர்ட எரிச்சேன்ல, அத எழுதுங்க. புதுசா வர்றவங்களுக்கு நான் மொதல்ல சொல்றதே அந்தக் கதைதான். உங்க பக்கத்துல இருந்து எழுதினா நல்லா இருக்கும்."

"சரிம்மா" என்று சொல்லி போனை வைத்தேன். பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததையும் பார்க்காமல் நின்றேன்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக: ஜவ்வாது மலைப் பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன மின்னணுப் பொருட்கள் செய்யக் கற்றுக்கொடுப்பது. உள்ளங்கை அளவில் ஒரு போர்டு. அதில் மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டி மூளை. கணினியில் எழுதிய கட்டளையை அதில் ஏற்றினால் விளக்கு எரியும், மணி அடிக்கும், மோட்டார் சுற்றும். இதில் விளக்கும் மணியும் ஒழுங்கானவை. என் வேலைக்காலத்துத் துன்பங்கள் எல்லாமே மோட்டாரால் வந்தவை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இயற்பியல் பட்டம் வாங்கியிருந்தேன். ஓம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கம்பி சீவத் தெரியாது. இரண்டாம் நாள், பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டாரை நேராகப் போர்டின் ஒரு காலில், அதாவது கம்பி சொருகும் முனையில், சொருகினேன். விளக்கை அப்படித்தானே சொருகினோம்? மோட்டார் ஒருமுறை முனகியது. போர்டின் அந்தக் கால் அதன்பிறகு எதற்கும் அசையவில்லை. நான் அழுதேன்.

மேற்பார்வையாளர் ஜபீனா மேடம் வந்து பார்த்தார். வாணியம்பாடிக்காரர். அவர் குரலை உயர்த்தி ஆறு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு எப்போது முடிந்தது என்றாவது தெரிந்திருக்கும்.

"இன்னாத்துக்கு அழுவுற? எரிஞ்சது போர்டு. நீ நல்லாத்தான கீற?"

"ஆமா மேடம்."

"போர்டோட கால் உத்தரவு போடற கால். சோறு போடற கால் இல்ல. டீ கலக்கற ஸ்பூனால பிரியாணி தேக்சாவ தூக்குவியா? அதுக்கு ஆள் வேற."

அந்த வேறு ஆள் டிரான்சிஸ்டர். போர்டு அதன் காதில் மெதுவாகச் சொல்லும். அது குழாயைத் திறப்பதுபோலத் திறந்து, மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் வழியாக ஓடவிடும். மோட்டாரை நிறுத்தும்போது அது கோபத்தில் ஒரு உதை திருப்பிக் கொடுக்கும். அந்த உதையை மோட்டாருக்குள்ளேயே சுற்றிவிட ஒரு டயோடு. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு டிரான்சிஸ்டர்கள் செலவாயின. ஜபீனா மேடம் அவற்றை ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு, என் பெயரை ஒட்டி மேசையில் வைத்தார்.

சுவிட்ச் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று அவர் வகுத்த முறை ஒன்று உண்டு. சுவிட்ச் போடப்போகிறவர், பேட்டரியின் பிளஸ்ஸில் ஆள்காட்டி விரலை வைக்க வேண்டும். அங்கிருந்து கம்பி கம்பியாக விரலை நகர்த்தி, எங்கே போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மைனஸ் வரை வர வேண்டும். இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிறகு போனில் ஒரு படம். பிறகு, சுவிட்சில் இருக்கும் கையைத் தவிர அறையில் உள்ள எல்லாக் கைகளும் மேலே. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் கொள்ளையரிடம் மாட்டிக்கொண்டதுபோல இருக்கும்.

அப்படியும் எரிந்தால் படிவம். முதல் கட்டம், எரிந்த பொருள். இரண்டாவது, இடமும் நேரமும். மூன்றாவது, சுவிட்சில் யார் கை இருந்தது. நான்காவது, என்ன வாடை. நான் அந்தப் படிவத்தை மிக அழகான கையெழுத்தில் நிரப்புவேன். அதற்காகவே என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். வேறு எதற்கும் பாராட்டியதாக நினைவில்லை.

இனி கோமதியின் விசிறி.

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு உறைவிடப் பள்ளி. கோமதி அப்போது பத்தாம் வகுப்பு. அவர்கள் வீட்டில் சாமை பயிரிடுவார்கள். குத்திய சாமையிலிருந்து உமியைப் பிரிக்க முறத்தில் புடைக்க வேண்டும். அவள் அம்மாவுக்குத் தோள்பட்டை வலி. கோமதி ஒரு பெட்டி செய்தாள். மேலிருந்து சாமை கொட்டும், நடுவில் ஒரு சின்ன மோட்டார் விசிறி, உமி பறந்து ஒருபுறம் போகும், சாமை நேராகக் கீழே விழும். விசிறி மெதுவாகச் சுற்றினால் உமியும் கீழே விழும். வேகமாகச் சுற்றினால் சாமையும் பறக்கும். அந்த நடு வேகத்தைப் பிடித்துவைக்கத்தான் போர்டு. திருப்பத்தூரில் நடக்கும் கண்காட்சிக்கு அதை எடுத்துப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவள் அதுவரை திருப்பத்தூருக்கு ஆஸ்பத்திரிக்காக மட்டுமே வந்திருக்கிறாள்.

விசிறி ஒரு சுற்று சுற்றும். நிற்கும். போர்டின் விளக்கு மூன்று முறை சிமிட்டும். மறுபடி ஒரு சுற்று. நிற்கும். மூன்று சிமிட்டல்.

"மிஸ், அது மூச்சு வாங்குது மிஸ்" என்றாள் கோமதி.

நான் கட்டளையைத் திருத்தி எழுதினேன். டிரான்சிஸ்டரை மாற்றினேன். டயோடைத் திருப்பிப் போட்டேன், பிறகு அது தவறென்று மறுபடி திருப்பினேன். மலையில் சிக்னல் கிடைத்த ஒரே பாறைமேல் ஏறி என் கணவரைக் கேட்டேன். அவர் வங்கியில் வேலை செய்பவர். "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு" என்றார்.

போர்டே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது என்று பாறையிலிருந்து இறங்கும்போதுதான் உறைத்தது. மூன்று சிமிட்டல் என்பது எங்கள் கட்டளையின் முதல் வரி. போர்டு ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது. மோட்டாருக்கும் நாங்கள் போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்திருந்தோம். மோட்டார் சுற்றத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் அது எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்கிறது. போர்டு மயங்கி விழுகிறது. மோட்டார் நின்றதும் கண்விழித்து முதலிலிருந்து தொடங்குகிறது.

மோட்டாருக்குத் தனியாக ஆறு பேட்டரி போடும் பெட்டி வைத்தோம். இப்போது மோட்டார் அசையவே இல்லை. நான் முகம் தொங்கி உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஜபீனா மேடத்தின் பழைய வாக்கியம் நினைவுக்கு வந்தது: மின்சாரம் இரண்டு இடத்திலிருந்து வரலாம், ஆனால் இரண்டின் மைனஸும் சேர்ந்திருக்க வேண்டும். நாங்கள் கம்பி சொருகும் துளைப் பலகையில் இரண்டு ஓரமும் சிவப்புக் கோடு ஒன்று, நீலக் கோடு ஒன்று இருக்கும். சிவப்பு பிளஸ், நீலம் மைனஸ். இடது ஓரம் போர்டுக்கு, வலது ஓரம் பேட்டரிப் பெட்டிக்கு. இரண்டு நீலக் கோடுகளையும் ஒரு கம்பியால் இணைத்தேன். விசிறி சுற்றியது. நிற்காமல் சுற்றியது.

"ரெண்டு நெலத்துக்கும் கெணறு வேற வேற, வடிகால் ஒண்ணு. அப்படித்தான மிஸ்?" என்றாள் கோமதி. என் இயற்பியல் பட்டத்தை அவளிடம் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

"சிவப்பையும் சிவப்பையும் சேர்த்துடக் கூடாது. சேர்த்தா பெட்டியோட ஒம்போது வோல்ட் போர்டுக்குள்ள போயிடும். அது அஞ்சுக்கு மேல தாங்காது" என்று சொல்லிக்கொடுத்தேன். எழுதிக்கொள்ளவும் சொன்னேன். அடிக்கோடு போடவும் சொன்னேன்.

அடுத்த முறை போனபோது எனக்கு ஏழாம் மாதம் முடிந்திருந்தது. ஒடுகத்தூரில் அம்மா வீட்டில் வளைகாப்பு நடந்து ஐந்து நாள். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். உலோகம் எதுவும் கையில் இருக்கக் கூடாது என்பது விதி என்பதால், கண்ணாடியில் மின்சாரம் பாயுமா என்று முதல் நாளே ஜபீனா மேடத்துக்குப் போன் செய்து கேட்டேன். நான் இயற்பியல் படித்தவள் என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

"பாயாது. சத்தந்தான் கேக்கும். போட்டுக்கோ" என்றார்.

விடுப்புக்கு முன் அதுவே என் கடைசி நாள். கண்காட்சி அடுத்த வாரம். எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியிலிருந்து கழற்றித் தகரப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். மூன்றரைக்கு ஒரே ஜீப். டிரைவர் வெளியே ஹாரன் அடித்தார்.

"மேடம்! நான் கெளம்பறேன். அப்பால நடந்துதான் எறங்கணும். ரெண்டு பேரா நடப்பீங்க!"

நீலக் கோடுகளை ஒரு கறுப்புக் கம்பியால் இணைத்தாயிற்று; மலைப்பாதைக் குலுக்கலில் அது கழன்றாலும் இருக்கட்டும் என்று இன்னொன்று போட நினைத்தபோது கறுப்புக் கம்பிகள் தீர்ந்துவிட்டிருந்தன. அதற்கு ஒரு சிவப்புக் கம்பியை எடுத்தேன். எந்த நிறமாக இருந்தாலும் செம்பு செம்புதான். ஆனால் 'சிவப்புக் கம்பி சிவப்புக் கோட்டுக்கு' என்று ஆறு வருடம் பிள்ளைகளுக்கு ஓதியவள் நான். என் கை அந்த விதிக்குக் கீழ்ப்படிந்தது. சிவப்பிலிருந்து சிவப்புக்குச் சொருகினேன். அப்போது எனக்கு அது தெரியாது.

கோமதியின் தோழி ரேவதி என் போனில் படம் எடுத்தாள். கோமதி பேட்டரிப் பெட்டியின் பிளஸ்ஸில் ஆள்காட்டி விரலை வைத்தாள்.

"அதெல்லாம் போன தடவையே பார்த்தாச்சும்மா. போடு" என்றேன் நான்.

எல்லோரும் கையைத் தூக்கினோம். என் வளையல்கள் முழங்கைக்குச் சரிந்தன. கோமதி ஒரு கையால் சுவிட்சைப் போட்டாள். மறு கையின் ஒரு விரலால், மேலே கொட்டிவைத்த சாமை சட்டென்று பறந்துவிடாதபடி விசிறியின் இறக்கையைப் பிடித்திருந்தாள். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். போர்டின் விளக்கு அணைந்தது. ஊதுவத்தி அளவுக்கு ஒரு இழை புகை.

"மிஸ், நான் விசிறியப் புடிச்சிட்டேன் மிஸ். என்னாலதான் மிஸ்."

"பரவால்லம்மா" என்றேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹாரன் மறுபடி கேட்டது.

ஜீப்பில் மடிமேல் வைத்துப் படிவத்தை நிரப்பினேன். மடி என்று தனியாக ஒன்று அப்போது இல்லை, வயிற்றின்மேல். மூன்றாவது கட்டத்தில், மாணவி கோமதி, பத்தாம் வகுப்பு. நான்காவது கட்டத்தில், மீன் வாடை. அந்த மாதங்களில் எனக்கு எல்லாமே மீன் வாடைதான்.

புதுப் போர்டு வர நாள் ஆகும். கோமதி போர்டு இல்லாமல், விசிறியை நேராகப் பேட்டரியில் மாட்டிக்கொண்டு கண்காட்சிக்குப் போனாள். வேகம் குறையவில்லை. "சாமையும் சேர்ந்து பறக்குதேம்மா" என்றாராம் நடுவர். ஆறுதல் பரிசாக ஒரு டிபன் டப்பா.

யாழினி பிறந்த இருபதாம் நாள், போனில் இடமில்லாமல் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் வந்தது. துளைப் பலகையின் மேலிருந்து இன்னும் விலகாத ஒரு கை. பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். விரல் நுனியில் சிவப்புக் கம்பி. அது சொருகியிருந்தது சிவப்புக் கோட்டில். இரண்டு விரலால் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். கம்பி நகரவில்லை.

அழிக்கவில்லை. தடுப்பூசி அட்டையின் படத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினேன். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அவளுக்குப் பொதுத்தேர்வு வந்தது. குழந்தைக்குப் பல் முளைத்தது. அவள் டிப்ளமோ சேர்ந்தாள். சந்தோஷமாக இருப்பவளைக் குழப்பக் கூடாது என்று நினைத்தேன். இப்படி எனக்குக் காரணங்கள் வரிசையில் நின்று டோக்கன் வாங்கின.

போன மாதம் அவள் போன் செய்த பிறகுதான் வேறொன்று உறைத்தது. 'விசிறியப் புடிச்சா போர்டு எரியும்' என்று அவள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தனிப் பேட்டரியில் ஓடும் மோட்டாரைப் பிடித்து நிறுத்தினால் டிரான்சிஸ்டர் சூடாகலாம். போர்டு எரிய வழியில்லை. என் மௌனம் இப்போது பாடமாகிவிட்டது.

யாழினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, பிறகு ஜீப் ஏறி, கோமதி பயிற்சி கொடுக்கும் மலைப் பள்ளிக்குப் போனேன். மலைப்பாதையில் அவள் வாந்தி எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

கோமதி புதியவர்களுக்காக மேசையில் ஒரு விசிறி மின்சுற்றைத் தயார் செய்துகொண்டிருந்தாள். நான் போனை நீட்டினேன். சொல்லப் பழகிக்கொண்டு போன வாக்கியம் ஜீப்பிலேயே மறந்துபோயிருந்தது. அவள் பார்த்தாள். பெரிதாக்கினாள்.

"வளையல் நல்லா கீதுக்கா" என்றாள்.

போனைத் திருப்பித் தந்தபோது என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது வருசம் கணக்குப் போட்டுப் பாத்தேன். தனிப் பேட்டரி, தனி மோட்டார், போர்டு எப்படி எரியும்னு. ஒத்தே வரல. எனக்குத்தான் படிப்பு ஏறலன்னு நெனச்சேன்."

"கோமதி…"

"காலேஜ் லேப்ல மூணு வருசம் நான் சுவிட்சே போடலக்கா. பக்கத்துல கீறவங்களப் போடச் சொல்லுவேன். என் கை ராசியில்லாத கைன்னு கிண்டல் பண்ணுவாங்க. நானும் சிரிப்பேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அது மிகச் சின்னதாக இருந்தது. அதற்குள் யாழினி மேசையருகே போய், நின்றுகொண்டிருந்த விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துவிட்டாள்.

"புடிக்காத!" என்று கோமதி பாய்ந்தாள். பாதியில் நின்றாள். கையைக் கீழே இறக்கினாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"புடிடா தங்கம். ஒண்ணும் ஆவாது."

ஒன்றும் ஆகாதுதான். இருந்தாலும் நான் குழந்தையின் கையை விலக்கித் துடைத்துவிட்டேன்.

படிவத்தைத் திருத்தி அவள் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் மறுப்பாகத் தலையசைத்தாள்.

"வேணாம். சுவிட்ச் போடறவங்கதான் வெரல் வெச்சுப் பாக்கணும். நான் பாக்கல."

"நாந்தானம்மா வேணாம்னு சொன்னேன்!"

"நீங்க சொன்னா? ஜபீனா மேடமே வேணாம்னாலும் வெரல் வெச்சுப் பாத்துட்டுத்தான் போடணும்னு நான் இப்ப சொல்லிக் குடுக்கறேன். அன்னிக்கு நான் உங்க மொகத்தப் பாத்தேன், கம்பியப் பாக்கல. அது என் தப்பு. அதையும் நீங்களே எடுத்துக்காதீங்க."

அவள் மேசைக்குத் திரும்பி, பிளஸ்ஸிலிருந்து மைனஸ் வரை விரலை நகர்த்திச் சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். யாழினியின் இரண்டு கையையும் நானே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கோமதி சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது.

ஜபீனா மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊறுகாய் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டிருப்பார்.

"கட்டம் ஒண்ணுதான் கீது" என்றார். "ரெண்டு பேரும் சண்ட போட்டு முடிச்சுட்டு ஒரு பேர் எழுதி அனுப்புங்க. பென்சில்ல எழுதாத."

பழைய படிவம் தபாலில் வந்துவிட்டது. இணைத்திருந்த புதுப் படிவத்தில் முதல் இரண்டு கட்டங்களையும் அழகாக நிரப்பிவிட்டேன். நான்காவது கட்டத்தில் மீன் வாடையை எடுத்துவிட்டு 'தெரியவில்லை' என்று எழுதினேன். மூன்றாவது காலியாக இருக்கிறது. என் பெயரை எழுதினால் சுவிட்சில் என் கை இருந்ததாகப் பொய் சொன்னதாகும். அவள் பெயரையே எழுதினால் மூன்று வருடம் செய்ததையே மறுபடி செய்ததாகும். கோமதியைக் கேட்டால், புதியவர்களுக்குக் கதையைச் சுவிட்ச் வரைக்கும் சொல்லி நிறுத்திவிடுவதாகவும், மீதியை அக்கா எழுதுவாங்க என்று சொல்லிவைத்திருப்பதாகவும் சொல்கிறாள்.

இதைப் படிக்கும் பயிற்றுநர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகள் கையில் சுவிட்சைக் கொடுத்துவிட்டு 'போடு' என்று சொல்லிப் பழகிய எல்லோரும் தயவுசெய்து எழுதுங்கள். நீங்களாக இருந்தால் அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவீர்கள்? ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது. பேனாவைத் திறந்து வைத்து நான்கு நாள் ஆகிறது, மை காய்ந்துகொண்டிருக்கிறது.